மூன்று முறை வாங்கிய சான்றிதழ்

மலேசியாவில் காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அய்யாவு, தம் மகளுடைய ஒரே ஒரு சான்றிதழை மூன்று முறை மேடையேறி வாங்கியவர். மூன்று முறையும் பத்திரிகையில் படம் வந்தது. மூன்று படங்களிலும் அதே நீலச் சட்டை, காலில் அதே இரவல் சப்பாத்து. முதல் படத்தில் நன்றாகச் சிரிக்கிறார். இரண்டாவதில் சிரிக்க முயற்சி செய்கிறார். மூன்றாவது படத்தில் அவருடைய இரண்டு கால்களும் தரையில் இல்லை. அது எப்படி என்பதுதான் கதை.

1984ஆம் ஆண்டு அவர் மகள் சீதாலெட்சுமி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வில் எழுதிய பாடம் அத்தனையிலும் தேறினாள். அந்தத் தோட்டத்திலிருந்து ஆறாம் படிவ வகுப்புக்குள் அதற்கு முன் நுழைந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சுவருக்குச் சாயம் அடிக்கப் போனவர். ஆகவே கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு நாள் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பல் மருத்துவம் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் எந்தப் பல் வலித்தாலும் அதற்கு அடுத்த பல்லைத்தான் பிடுங்குவார்கள். இப்படி அய்யாவு மூன்று நல்ல பற்களைப் பறிகொடுத்திருந்தார். வலித்த பல் இன்னும் வாயில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தமிழ் மாணவர் உயர்கல்வி உந்துசக்தி மன்றத்தின் தலைவர் தியாகராஜன் அதிலிருந்து இறங்கினார். பந்தல், நாற்காலி, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். தம் தொழிலுக்கும் மன்றத்தின் விழாக்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவரே பல தடவை தம் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் செயலாளர் சபாபதி இறங்கினார். கையில் பேரேடு, இடுப்பில் சாவி.

வீட்டுக்குள் அய்யாவு, அவர் மனைவி பவுனம்மாள், சீதாலெட்சுமி, ஒரு கோழி. ஆக மொத்தம் நான்கு பேர்தான் கூட்டம். ஆனாலும் தலைவர் நின்றுகொண்டே, "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய் நிறுத்தாமல் தாம் கண் மூடப் போவதில்லை என்று இருபது நிமிடம் பேசினார். முடிவில், மேற்கொண்டு எல்லாவற்றையும் மன்றமே கவனித்துக்கொள்ளும், அசல் சான்றிதழைக் கொடுத்தால் போதும் என்றார்.

அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் கூரை ஒழுகும். ஒழுகாத இடத்தில் கரையான் இருக்கும். ஒரு காகிதத்தை வைத்துக் காப்பாற்றும் கவலையே பாதி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. தட்டில் வெற்றிலை வைத்து, அதன் மேல் சான்றிதழை வைத்து நீட்டினார். சபாபதி பேரேட்டில் எழுதிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார். ரசீதில் தலைவர் படம் பெரிதாக இருந்தது. எழுத்துக்கு அவ்வளவாக இடமில்லை.

ஏப்ரலில் முதல் விழா, பிரிக்பீல்ட்ஸில், வட்டார அளவில். நாற்பத்து மூன்று மாணவர்கள் பெற்றோரோடு வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைக்கு மேல் சுற்றிய காற்றாடி அதை அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். காற்றாடியை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, நிகழ்ச்சி நிரலில் அது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பதினான்கு பேர் பேசினார்கள். பதினான்கு பேரும் நேரம் கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி, அதை மட்டும் விரிவாகப் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

பிறகு மாணவர்களைப் பெற்றோரோடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். இடப்பக்கப் படியில் ஏற வேண்டும், நடுவில் நின்று வாங்க வேண்டும், படம் எடுக்கும்வரை கொடுப்பவரும் வாங்குபவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருக்க வேண்டும், வலப்பக்கப் படியில் இறங்க வேண்டும். அய்யாவு வாங்கினார், சிரித்தார், இறங்கினார். கடைசிப் படியில் பெரிய சதுர பிஸ்கட் டின் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். முப்பது வயதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் மன்றத்தின் சின்னம். பெயர் பக்கிரிசாமி.

"இதுல போடுங்கண்ணே" என்றார்.

"இப்பதானே கொடுத்தாங்க தம்பி?"

"மாநில விழா இருக்குல்ல. இப்பவே உங்ககிட்ட விட்டுட்டா அங்க என்னத்தக் கொடுக்கிறது?"

அய்யாவு யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. சீதாலெட்சுமி டின்னில் போட்டாள். பொன்னாடை வாங்கியவர்கள் மட்டும் பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது பவுனம்மாள் கேட்டாள். "ஏங்க, நம்ம புள்ள எழுதி வாங்குனது. அத நமக்கே கொடுக்கிறதுக்கு இவுங்க எதுக்கு?"

"பெரிய மனுசங்க லா. சும்மா இருப்பாங்களா?"

"சும்மா இருந்தாப் போதும்னுதான் நானும் சொல்றேன்."

இரண்டாவது விழா மே மாதத் தொடக்கத்தில் கிள்ளானில், மாநில அளவில் நடந்தது. பத்தொன்பது பேச்சு. விளக்கில் பத்தொன்பது திரி, ஆளுக்கொன்று. சபாபதி ஆண்டறிக்கை படித்தார். போன மாதம் நாற்பத்து மூன்று மாணவர்களுக்குச் சான்றிதழ் வழங்கினோம், இன்றோடு எண்பத்தாறு, ஒரே மாதத்தில் இரண்டு மடங்கு வளர்ச்சி என்றார். கைதட்டலில் மண்டபத்துக் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிப் போய்விட்டன. புக்கிட் ராஜாவிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் திரும்பித் திரும்பி மீதி நாற்பத்து மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தான்.

சான்றிதழ் கொடுத்த பிரமுகர் கேமராவுக்காக வாயை அகலத் திறந்தார். மேல்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை என்று சீதாலெட்சுமி அப்பாவின் காதில் சொன்னாள். அவ்வளவு நேரம் பார்க்க முடிந்தது. படம் எடுத்ததும் வலப்பக்கப் படி, பக்கிரிசாமி, பிஸ்கட் டின். இந்த முறை காகிதம் சீதாலெட்சுமியின் விரலை விட்டுச் சுலபமாகப் போகவில்லை. அய்யாவு அதைக் கவனித்தார். ஆனால் பின்னால் வரிசை நின்றது. வரிசை நிற்கும்போது யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மறுவாரம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நேர்முகத் தேர்வு. அசல் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். நகல் செல்லாது. வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும். சீதாலெட்சுமி கடிதத்தை நான்கு முறை வாசித்துக் காட்டினாள். கடைசி வரியை ஐந்தாவது முறையும் வாசித்தாள்.

அய்யாவு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளோடு பிரிக்பீல்ட்ஸ் போனார். பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் மன்றம். சபாபதி விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேரேட்டைத் திருப்பினார்.

"சீதாலெட்சுமி, தந்தை பெயர் அய்யாவு. ஏப்ரல்ல ஒரு தடவை வாங்கியாச்சு. மே மாசம் ஒரு தடவை வாங்கியாச்சு. ரெண்டுக்கும் பேப்பர்ல படம் இருக்கு. ஊர்ல ஒவ்வொருத்தன் ஒரு தடவைகூட வாங்க வழியில்லாம நிக்கிறான். மூணாவதும் கேட்டா நல்லாவா இருக்கு?"

அந்தக் கேள்வியில் அய்யாவுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. தெருவில் இறங்கியபின் சீதாலெட்சுமிதான் அவரைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தொலைந்துபோனதாக ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் தேர்வு வாரியத்தில் வேறு சான்றிதழ் கேட்கலாம் என்பது அவள் கணக்கு. மேசையில் இருந்த போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். தொலைந்ததா? இல்லை, மன்றத்துப் பீரோவில் இருக்கிறது. திருடினார்களா? இல்லை, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தோம். திரும்பத் தரவில்லையா? இரண்டு தடவை தந்தார்கள். போலீஸ்காரர் பேனாவை மூடினார். தமக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றும், இந்த வழக்கை அதற்குள் முடிக்க முடியாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுபடி மாடியேறினார்கள். இப்போது தலைவரே இருந்தார். அய்யாவு கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். தலைவர் அதைப் படிக்கவில்லை, எழுந்து நின்றார். அவரால் உட்கார்ந்து பேச முடியாது.

"அன்பிற்குரிய அய்யாவு அவர்களே. நல்ல நாளில் வந்தீர்கள். தேசிய அளவிலான விழா இந்த ஞாயிற்றுக்கிழமையே நடக்கிறது. சிறப்பு விருந்தினர் மறுநாள் வெளிநாடு போகிறார். உங்கள் மகள் அவர் திருக்கரத்தால் பெற்றுக்கொள்வாள்."

அய்யாவின் முகம் மலர்ந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு, திங்கக்கிழமை கொண்டு போயிடலாங்க."

"எப்படி முடியும்? ஆகஸ்டில் சிங்கப்பூரில் தென்கிழக்காசிய மாநாடு வருகிறதே. அங்கே நம் மன்றம் வெறுங்கையோடு நிற்பதா?"

"இன்டர்வியூ போச்சுன்னா சீட்டு போயிடுங்களே."

தலைவர் சிரித்தார். குழந்தைக்கு விளக்குவது போலக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் கீழே பூக்கடைவரை கேட்டது.

"சற்றே சிந்தியுங்கள். ஒரு மாணவி பல்கலைக்கழகம் போய்விட்டால் என்ன ஆகும்? படிப்பாள். பட்டம் வாங்குவாள். வேலைக்குப் போவாள். அதற்குப் பிறகு நாம் அவளுக்கு எப்படி உதவ முடியும்? போகாமல் நம்மிடமே இருந்தால் ஆண்டுதோறும் உதவலாம். மன்றம் தொடங்கிப் பதினோரு ஆண்டு. நாங்கள் கைதூக்கிவிட்ட ஒரு மாணவர்கூட இன்னும் எங்களை விட்டுப் போனதில்லை. பக்கிரிசாமி, இங்கே வாப்பா. இவர் எங்கள் முதல் ஆண்டு மாணவர். கணிதத்தில் புலி."

பக்கிரிசாமி பதாகைக் கயிறை முடிச்சுப் போட்டபடியே வந்து நின்றார். சபாபதி இடுப்புச் சாவியால் இரும்புப் பீரோவைத் திறந்து காட்டினார், பெருமையோடு. பதினோரு தட்டு. தட்டுக்கு ஓர் ஆண்டு. கீழ்த்தட்டில் இருந்தவை மஞ்சளாகிப்போயிருந்தன.

"என்ன படிக்கணும்னு இருந்தீங்க தம்பி?" என்று அய்யாவு கேட்டார்.

"எஞ்சினியரிங்குண்ணே." பக்கிரிசாமி குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. "அடுத்த வருசம் உலக மாநாடு வைக்கிறாங்க. அது முடிஞ்சிட்டா கொடுத்துடுவாங்க."

அய்யாவு பீரோவைப் பார்த்தார். மேல் தட்டில், புதிதாக, வெள்ளையாக நாற்பத்து மூன்று காகிதங்கள். அவர் வாழ்க்கையில் கங்காணி, கிராணி, மானேஜர் என்று நிறையப் பேர் முன்னால் கைகட்டி நின்றவர். அந்த மாடியில் நிற்கும்போதுதான் கட்டிய கைகள் தாமாகவே அவிழ்ந்துவிட்டன. தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

"என்னப்பா இப்படிச் சொல்லிட்டு வரீங்க?" என்றாள் சீதாலெட்சுமி.

"வரேன்னுதான் சொன்னேன். டின்னுல போடுறேன்னு சொல்லலியே."

தேசிய விழா கோலாலம்பூரில் பெரிய மண்டபத்தில் நடந்தது. காலையில் ஒத்திகையே இரண்டு மணி நேரம். எந்தக் கையால் வாங்குவது, எந்த முனையைப் பிடிப்பது, எத்தனை பல் தெரியச் சிரிப்பது என்று சபாபதி சொல்லிக் கொடுத்தார். டின்னில் போடும்போது குனிய வேண்டாம், குனிந்தால் பின்னால் இருக்கும் பதாகையில் தலைவர் முகம் மறைகிறது என்றார். பூச்சோங்கிலிருந்து மகனோடு வந்திருந்த நல்லம்மாள் என்கிற அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகனுக்கும் அதே திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. முந்தின நாளெல்லாம் பத்துமலை முருகனிடம் போய் அழுதுவிட்டு வந்ததாகச் சொன்னாள். பவுனம்மாள் அவள் காதில் ஏதோ சொன்னாள். நல்லம்மாள் அதைத் தனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவளிடம் சொன்னாள். விளக்கேற்றி முடிப்பதற்குள் அது நாற்பத்து மூன்று குடும்பத்தையும் சுற்றி வந்துவிட்டது. காரணம், விளக்கேற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இருபத்தேழு பேர் பேசினார்கள். கடைசியாகத் தலைவர்.

"சமுதாயம் என்னைக் கேட்கிறது, தியாகராஜா, நீ என்ன கிழித்தாய் என்று. நான் எதையும் கிழித்ததில்லை. பதினோரு ஆண்டுச் சான்றிதழ்களையும் ஓர் ஓரம்கூடக் கிழியாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன். வேறெந்தத் தலைவனாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

முடியாது என்று சபை கைதட்டியது. பெற்றோர்கள் தட்டவில்லை. அவர்கள் குனிந்து சப்பாத்து வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

முதல் பெயர் சீதாலெட்சுமி. மூவரும் இடப்பக்கப் படியில் ஏறினார்கள். சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டினார். சீதாலெட்சுமி ஒரு முனையைப் பிடித்தாள். ஒத்திகையில் சொன்னபடி படம் எடுப்பவர் ஒன்று, இரண்டு எண்ணினார். மூன்று என்பதற்குள் அய்யாவு மகள் கையிலிருந்து அதை வாங்கிச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகினார். வலப்பக்கம் பக்கிரிசாமி டின்னைத் திறந்தபடி நின்றார். இடப்பக்கம் அடுத்த குடும்பம். நேர் எதிரே பூந்தொட்டி வரிசை, அதற்கு அப்பால் நான்கடிப் பள்ளம், அதற்கும் அப்பால் பிரமுகர்களின் சோபா. முப்பது வருடமாக முதுகில் குலையைச் சுமந்துகொண்டு தோட்டத்துக் கால்வாய்களைத் தாண்டுகிற மனிதருக்கு நான்கடி என்ன கணக்கு?

தாண்டினார்.

கேமரா பளிச்சென்றது. மூன்றாவது படம் அப்படித்தான் வந்தது. பூந்தொட்டிகளுக்கு மேல் அய்யாவு, வயிற்றில் ஒரு கை, முகத்தில் பெருங்கவனம். இரவல் சப்பாத்தில் ஒன்று ஏற்கெனவே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஒரு பொன்னாடையின் மடியில் போய் விழுந்தது. பின்னாலேயே சீதாலெட்சுமி குதித்தாள். பவுனம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நவுருங்க சார்" என்று முன்வரிசைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குதித்தாள்.

"அந்தப் பக்கம் படி கிடையாது!" என்று தலைவர் ஒலிபெருக்கியில் அலறினார்.

சபை அதைப் புதுமையான நிகழ்ச்சி என்று நினைத்து எழுந்து நின்று தட்டியது. சிறப்பு விருந்தினருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. அவர் கையை நீட்டி அடுத்த சான்றிதழைக் கேட்டார். அவர் கேட்டபின் கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால் பெயரை அறிவிக்காமல் இருக்க முடியாது. தலைவரே ஒவ்வொரு பெயராக அறிவித்தார், ஒவ்வொருவராகக் குதித்தார்கள். சபாபதி டின்னைப் பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்து பந்து பிடிப்பவர் போல இங்கும் அங்கும் நின்று பார்த்தார். யாரும் அதில் எதையும் போடவில்லை. நல்லம்மாளுக்கு முட்டிவலி, குதிக்க முடியாது. மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கீழே சோபாவில் இருந்த பிரமுகரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க, அத இங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள். அவர் எழுந்து தள்ளிவிட்டார். சபையில் அவருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே உபயோகமான வேலை அது. அவள் சோபாவில் கால் வைத்து, ராணி போல இறங்கினாள். மகன் அவளுக்குக் கை கொடுத்தான்.

நாற்பத்து மூன்று பேரும் போனபின், வலப்பக்கப் படியில் பக்கிரிசாமி தனியாக நின்றார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் கையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் காலிக் கைகளைப் பார்த்தார். பிறகு சபாபதியின் இடுப்பைப் பார்த்தபடி, நிதானமாக, முன்பக்கம் நடந்து வந்தார். சாவியைக் கேட்டாரா, பிடுங்கினாரா என்பதில் மன்றத்துக்குள் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் பூமாலைக் கடைக்காரர் மாடியை எட்டிப் பார்த்தபோது பீரோ திறந்து கிடந்தது. கீழ்த்தட்டில் ஒரு காகிதத்தின் அளவுக்கு மட்டும் தூசி இல்லை.

அதே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அய்யாவும் சீதாலெட்சுமியும் பல்கலைக்கழகத்தில் பதிவு மேசைக்கு முன்னால் நின்றார்கள். மேசையில் ஒரு மலாய்ப் பெண், இளம் வயது. அசல் சான்றிதழைக் கேட்டுக் கையை நீட்டினாள். அய்யாவு சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது. மேசைமேல் வைத்தார். ஆனால் இரண்டு கையையும் எடுக்கவில்லை.

"பாக்சிக், விடுங்க லா. ஒரு நிமிசம்தான், பார்த்துட்டுத் தரேன்" என்று அவள், பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு, மலாயில் சொன்னாள்.

"பாரும்மா, நல்லாப் பாரு" என்று அவரும் மலாயிலேயே பதில் சொன்னார். "நான் புடிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். குலைவெட்டுத் தழும்பேறிய அந்த இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்து, அவர் விரல்களுக்கு நடுவிலேயே பெயரையும் எண்ணையும் படித்துச் சரிபார்த்தாள். படிவத்தில் முத்திரை குத்தினாள்.

உள்ளேயிருந்து சீதாலெட்சுமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.